பழைய மடிக்கணினியில் இயங்குதள நிறுவல் பாதியில் நிற்பது ஏன்?

உங்கள் கேள்வியின் சாரம் இது: 2011இல் வாங்கிய மடிக்கணினி, இரண்டாம் தலைமுறை கோர் ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பென் டிரைவ் வழியாக விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவ முயன்றால், கோப்புகளை எடுத்துவைக்கும் கட்டத்தில் ஒருமுறை 30 விழுக்காட்டுக்கு அருகிலும் இன்னொருமுறை 70-ஐத் தாண்டியும் நின்றுவிடுகிறது. ஒருமுறை 80070570 என்று முடியும் பிழை எண் வந்தது. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவ முயன்றபோதும் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்று சொல்லி நின்றது. பழுதுபார்ப்பவர் மதர்போர்டு போய்விட்டது என்கிறார். அந்த முடிவை ஏற்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசு செலவில்லை.

நீங்கள் எழுதியதிலேயே இரண்டு முக்கியமான தடயங்கள் உள்ளன. முதலாவது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இயங்குதளங்களும் தோற்றிருக்கின்றன. ஆகவே விண்டோஸின் மீதோ மின்ட்டின் மீதோ பழி சொல்ல இடமில்லை. ஆனால் இரண்டு முறையும் ஒரே பென் டிரைவைத்தான் பயன்படுத்தினீர்களா என்பதைச் சொல்லவில்லை. ஒன்றே என்றால், கணினியைச் சந்தேகிப்பதற்கு முன் அந்தப் பென் டிரைவைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது, நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி. நிறுவல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால், இறக்கிய கோப்பிலோ, டிஸ்க்கின் குறிப்பிட்ட ஒரு பகுதியிலோ, பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை நிரல்) அமைப்பிலோ நிலையான ஒரு தவறு இருக்கும். இடம் மாறி மாறி நின்றால், ரேம், சூடு, மின்சாரம், தளர்ந்த இணைப்பு, சாகும் தறுவாயில் உள்ள டிஸ்க் அல்லது பென் டிரைவ் ஆகியவற்றில் ஒன்றே காரணமாக இருக்கும். பிழை எண்ணைத் தேடி இணையத்தில் அலைவதைவிட, நின்ற இடத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டு மறுபடியும் ஓட்டிப் பார்ப்பது அதிகம் சொல்லும்.

பிழை எண்களை நம்புவதில் ஓர் எல்லை உண்டு. 80070570 என்பது கோப்போ கோப்புறையோ சிதைந்திருக்கிறது, படிக்க முடியவில்லை என்று மட்டும் சொல்கிறது. யார் சிதைத்தது என்று சொல்வதில்லை. நிறுவல் நிரல் அந்தக் கட்டத்தில் என்ன செய்கிறது என்று யோசித்தால் காரணம் விளங்கும். பென் டிரைவில் சுருக்கி வைக்கப்பட்டுள்ள, பல ஜிபி அளவுள்ள ஒற்றைக் கோப்பைப் படித்து, அதை ரேமில் விரித்து, செயலியைக் கடுமையாக உழைக்க வைத்து, பல்லாயிரம் சிறு கோப்புகளாக ஹார்ட் டிஸ்க்கில் எழுதுகிறது. பென் டிரைவ், யூஎஸ்பி துளை, ரேம், செயலி, டிஸ்க் என்று ஐந்தும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடும் கட்டம் அது. அன்றாடப் பயன்பாட்டில் இணையத்தைப் பார்த்துக்கொண்டு ஒப்பேற்றிய கணினி இந்தக் கட்டத்தில் மட்டும் விழுவதில் வியப்பில்லை.

ஆகவே முதலில் பென் டிரைவ். நீங்கள் இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது நிறுவல் கோப்புகள் அனைத்தும் அடங்கிய ஒற்றைக் கோப்பு, முழுமையாக வந்திருக்கிறதா என்பதை, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளமான சரிபார்ப்புத் தொகையால் உறுதி செய்யுங்கள். லினக்ஸ் மின்ட் தன் தளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் ஷா-256 தொகையை வெளியிடுகிறது. விண்டோஸ் கணினியில் சர்ட்யூட்டில் (certutil) என்ற கட்டளையும் லினக்ஸில் ஷா256சம் என்ற கட்டளையும் உங்களிடம் உள்ள கோப்பின் தொகையைக் கணக்கிட்டுத் தரும். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். தொகை பொருந்திய பிறகும் பென் டிரைவில் எழுதும்போது கெட்டுப்போகலாம். ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் எழுதும் ரூஃபஸ் மென்பொருளில் மோசமான பகுதிகளைச் சோதிக்கும் தெரிவு இருக்கிறது. நேரம் எடுக்கும், ஆனால் 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி மட்டும் வைத்து விற்கப்படும் போலிகளையும் அது காட்டிக்கொடுத்துவிடும். வேறு ஒரு தரமான பென் டிரைவை இரவல் வாங்கி முயல்வது இதைவிடச் சுருக்கமான வழி.

எந்தத் துளையில் செருகுகிறீர்கள் என்பதும் பொருட்படுத்த வேண்டிய ஒன்று. 2011ஐ ஒட்டிய மடிக்கணினிகளில் நீல நிறத் துளை இருந்தால் அது பெரும்பாலும் தனிச் சில்லு ஒன்றின் மூலம் இயங்கும் யூஎஸ்பி 3.0, கறுப்புத் துளை யூஎஸ்பி 2.0. கறுப்புத் துளையையே பயன்படுத்துங்கள். 2009இல் வந்த விண்டோஸ் 7-இல் யூஎஸ்பி 3.0-க்கான டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) அறவே இல்லாததால், அதை நீலத் துளையிலிருந்து நிறுவ முயன்றவர்களுக்கு, தேவையான சிடி அல்லது டிவிடி டிரைவர் காணவில்லை என்ற குழப்பமான செய்தி வந்தது. கணினியில் டிவிடியே இல்லாதவர்களும் அதைக் கண்டு திகைத்தார்கள். விண்டோஸ் 10-இல் அந்தக் குறை இல்லை என்றாலும், அந்தக் காலத்துத் தனிச் சில்லுகளை நான் நம்புவதில்லை.

அடுத்த சோதனைக்கு நீங்கள் தோல்வியடைந்த அதே மின்ட் பென் டிரைவே போதும். நிறுவாமல், பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓடவிடுங்கள். பிறகு நிறுவலைத் தொடங்கி, அது பிழை சொல்லி நின்றதும் கட்டளைச் சாளரமான டெர்மினலைத் திறந்து, நிர்வாகி உரிமை தரும் சூடோ என்ற சொல்லை முன்னால் சேர்த்து, கணினியின் உள் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையை இடுங்கள். (டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துகள்.) இறுதி வரிகளில் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை எந்தச் சாதனத்தில் ஏற்பட்டது என்று பெயரோடு பதிவாகியிருக்கும். எஸ்டிஏ என்றும் எஸ்டிபி என்றும் பெயர்கள் வரும். எது ஹார்ட் டிஸ்க், எது பென் டிரைவ் என்பதை எல்எஸ்பிஎல்கே கட்டளை காட்டும் கொள்ளளவை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சொல்லோடு பிழை வந்தால், மின்ட்டின் சுருக்கப்பட்ட கோப்பு பென் டிரைவிலிருந்து சரியாகப் படிக்கப்படவில்லை என்று பொருள். அப்போது பென் டிரைவ், துளை, ரேம் என்ற மூன்றுக்குள் காரணம் அடங்கிவிடும். விண்டோஸ் நிறுவலிலும் ஷிஃப்ட் விசையோடு எஃப்10-ஐ அழுத்திக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பாந்தர் என்ற கோப்புறையில் உள்ள பதிவுகளைப் படிக்கலாம். ஆனால் அவை நீளமானவை, எளிதில் புரிபவையும் அல்ல. நான் லினக்ஸின் வழியையே விரும்புகிறேன்.

இனி ரேம். நிற்கும் இடம் மாறுவதால் உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் இதன்மீதும் டிஸ்க்கின்மீதும் சரிபாதியாக இருக்கிறது. மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச நிரலைப் பென் டிரைவில் எழுதி, இரவில் ஓடவிட்டு, காலையில் பாருங்கள். சிவப்பு நிறத்தில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் தேறாது. ஆயிரக்கணக்கான கோப்புகளை விரிக்கும் வேலையில் தவறிய ஒரு பிட் போதும், கோப்பு சிதைந்துவிட்டது என்று நிறுவல் நின்றுபோக. பிழை வந்தால் உடனே ரேமைத் தூக்கி எறியவும் வேண்டாம். கணினியை அணைத்து, அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து அதன் பொன்முலாம் பூசிய விளிம்பை மென்மையான பென்சில் ரப்பரால் இலேசாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு மீண்டும் பொருத்துங்கள். நம் ஊர்ப் பழுதுபார்க்கும் கடைகளில் காலங்காலமாகச் செய்யும் வேலைதான் இது, பலமுறை பலிக்கவும் செய்கிறது. இரண்டு 2 ஜிபி ரேம்கள் இருந்தால் ஒன்றை மட்டும் ஒரு துளையில் வைத்தும், பிறகு அதையே மறு துளையில் வைத்தும் சோதியுங்கள். பிழை ரேமைத் தொடர்ந்து செல்கிறதா, துளையோடு தங்கிவிடுகிறதா என்பது அப்போது தெரியும். புதிய ரேம் வாங்க நேர்ந்தால் டிடிஆர்3 வகை என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் தலைமுறைக் கணினி 1.5 வோல்ட்டில் இயங்கும். 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ரேம்கள் 1.5 வோல்ட்டிலும் வேலை செய்யும்படி உருவாக்கப்பட்டவை என்பதால் பொதுவாக அவையும் பொருந்தும்.

ஹார்ட் டிஸ்க்கைப் பொறுத்தவரை, எதையும் செய்வதற்கு முன் அதில் உங்களுக்கு வேண்டிய படங்களோ ஆவணங்களோ எஞ்சியிருந்தால், பென் டிரைவிலிருந்து ஓடும் மின்ட் வழியாக வெளியே எடுத்துவிடுங்கள். சோதனைகள் பழுதான டிஸ்க்கை மேலும் களைப்படையச் செய்யும். பிறகு மின்ட்டில் உள்ள டிஸ்க்ஸ் என்ற நிரலில், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைத் திறங்கள். அங்கே மேலே எழுதியிருக்கும் ‘டிஸ்க் நலமாக உள்ளது’ என்ற ஒற்றை வரியை நம்பி மூடிவிடக் கூடாது. பல டிஸ்க்குகள் சாகும் நாள்வரை அந்த வரியைக் காட்டிக்கொண்டிருக்கும். பார்க்க வேண்டியவை நான்கு எண்கள். 5ஆம் எண்ணுள்ள வரி, பழுதாகி மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் பகுதிகள். 198, திருத்தவே முடியாதவை. இந்த மூன்றின் மூல மதிப்பு (ரா வேல்யூ) பூச்சியமாக இருக்க வேண்டும். 197 அல்லது 198 பூச்சியத்துக்கு மேல் இருந்து, சில மணி நேரத்தில் கூடவும் செய்தால் அந்த டிஸ்க்கில் இயங்குதளம் போடுவது வீண். 199 மட்டும் சற்று வேறு: அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு செல்லும் வழியில் நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை. மற்றவை பூச்சியமாக இருந்து 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால், டிஸ்க் நல்லது, இணைப்பான் அல்லது அதன் பட்டை வயர்தான் கெட்டது. அதைக் கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்தினாலே சரியாகிவிடலாம்.

விரைவு ஃபார்மட் செய்து டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது பரவலாக நடக்கும் ஒன்று. விரைவு ஃபார்மட் கோப்பு அட்டவணையை மட்டுமே புதிதாக எழுதுகிறது. டிஸ்க்கின் பரப்பைத் தொடுவதே இல்லை. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதும் பூச்சியங்களை எழுதுகிறது. அதனால் காத்திருக்கும் பகுதிகள் ஒன்று சரியாகிவிடும், இல்லாவிட்டால் மாற்றிடம் ஒதுக்கப்பட்டு 5ஆம் வரியில் கணக்கில் ஏறும். 500 ஜிபிக்கு மணிக்கணக்கில் ஆகும். உண்மையைச் சொன்னால், இத்தனை ஆண்டுகள் சுழன்ற டிஸ்க்குக்கு அவ்வளவு பாடுபட வேண்டுமா என்று நான் கேட்பேன். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி ஒன்றை, சாட்டா (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் முறை) வகையில் 2.5 அங்குல அளவில் போட்டால் நிறுவல் சிக்கலோடு வேகச் சிக்கலும் தீரும். அவை 7 மில்லிமீட்டர் தடிமன். பழைய மடிக்கணினிகளின் இடம் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டருக்கு அமைந்தது என்பதால் ஆடாமல் இருக்க ஒரு சட்டமோ அட்டையோ வைக்க வேண்டியிருக்கும்.

எஸ்எஸ்டியை டிவிடி இருந்த இடத்தில் கேடி (டிஸ்க்கைத் தாங்கும் சட்டம்) வைத்துப் பொருத்துவோர் கவனிக்க வேண்டிய பழைய கதை ஒன்று இந்த ஆண்டுக் கணினிகளுக்கே உரியது. 2011 ஜனவரி 31 அன்று இன்டெல் நிறுவனம், இரண்டாம் தலைமுறைச் செயலிகளோடு வந்த தன் 6 சீரிஸ் சிப்செட்டில் (செயலியை மற்ற பாகங்களோடு இணைக்கும் சில்லு) வடிவமைப்புக் குறை இருப்பதாக அறிவித்து அனுப்புவதை நிறுத்தியது. பாதிப்பு 3 ஜிகாபிட் சாட்டா வழிகளில் மட்டும். 0, 1 என்ற முதல் இரண்டு வழிகளுக்கு அது இல்லை. பாதிக்கப்பட்ட வழிகள் காலப்போக்கில் தரம் குறைந்து பிழைகள் பெருகக்கூடும் என்பதே பிரச்சினை. பின்னர் திருத்திய சிப்செட் வந்துவிட்டது. மடிக்கணினிகளில் முதன்மை டிஸ்க் பொதுவாக முதல் வழியில்தான் இருக்கும் என்பதால் அது தப்பித்தது. உங்கள் கணினி அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே வாங்கியது என்றால், டிவிடி இடத்தைத் தவிர்த்து முதன்மை இடத்திலேயே எஸ்எஸ்டியை வையுங்கள்.

சூடும் மின்சாரமும் ஒன்றாகச் சொல்லத்தக்கவை. பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் கணினி சட்டென்று அணைந்தால், அது மென்பொருள் சிக்கல் அல்ல. விசிறி வாயில் தூசி அடைத்திருக்கும், செயலியின் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும், அல்லது அடாப்டர் தளர்ந்திருக்கும். வீங்கிய பேட்டரியை வைத்துக்கொண்டு நிறுவலில் இறங்கவே வேண்டாம். கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டுங்கள், ஆனால் மின்தடை வரக்கூடிய நேரத்தில் அல்ல. நிறுவும்போது கணினியை மெத்தைமேல் வைக்காமல் மேசைமேல் வைப்பதும் உதவும்.

இதுவரை சொன்னது நிற்கும் இடம் மாறும் வகைக்கானது. எப்போதும் ஒரே இடத்தில், அதிலும் தொடக்கத்திலேயே மறுக்கப்படும் வகைக்குக் காரணம் பெரும்பாலும் பயாஸும், டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளது என்று குறித்துவைக்கும் பிரிவு அட்டவணையும் பொருந்தாததே. உங்கள் ஆண்டுக் கணினிகள் பழைய பயாஸ் முறைக்கும் புதிய யூஇஎஃப்ஐ முறைக்கும் இடைப்பட்ட காலத்தவை. பலவற்றில் இரண்டும் இருக்கும். அத்தகைய கணினியின் தொடக்கப் பட்டியலில் ஒரே பென் டிரைவ் இரண்டு பெயர்களில் தெரியும், ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று எழுதியிருக்கும். யூஇஎஃப்ஐ வழியாகத் தொடங்கினால் விண்டோஸ் ஜிபிடி என்ற புதிய வகை அட்டவணையுள்ள டிஸ்க்கை மட்டுமே ஏற்கும். பழைய முறையில் தொடங்கினால் எம்பிஆர் என்ற பழைய வகை அட்டவணையுள்ள டிஸ்க்கை மட்டுமே ஏற்கும். தேர்ந்தெடுத்த டிஸ்க்கில் இந்த அட்டவணை உள்ளது, ஆகவே நிறுவ முடியாது என்று வரும் செய்தியின் பொருள் இவ்வளவுதான், டிஸ்க் பழுதாகவில்லை. 2011, 2012 மாதிரிகளின் யூஇஎஃப்ஐ செயலாக்கங்கள் பல அரைகுறையானவை என்பது என் கருத்து. ஆகவே 2 டிபிக்குக் குறைவான டிஸ்க்குக்கு, ரூஃபஸில் எம்பிஆர் தேர்ந்தெடுத்து, பயாஸில் லெகசி என்ற பழைய முறையை மட்டும் வைத்து நிறுவுவதையே பரிந்துரைப்பேன். 2 டிபிக்கு மேற்பட்ட இடத்தை எம்பிஆரால் கையாள முடியாது, ஆனால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. அட்டவணையை மாற்ற, விண்டோஸ் நிறுவல் திரையில் எல்லாப் பிரிவுகளையும் அழித்துவிட்டு வெற்றிடத்தையே தேர்ந்தெடுத்தால் போதும். பெரும்பாலும் அதுவே புதிய அட்டவணையை எழுதிக்கொள்ளும். அழித்தது திரும்ப வராது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பயாஸில் இருக்கும்போதே சாட்டா முறை ஏஹெச்சிஐ (புதியது) என்று இருக்கிறதா பாருங்கள்; ஐடிஇ (பழையது) என்று இருந்தால் மாற்றுங்கள், குறிப்பாக எஸ்எஸ்டி போட்டால். தேதியையும் பாருங்கள். மதர்போர்டில் உள்ள நாணய வடிவ 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோயிருந்தால், ஒவ்வொரு முறை மின்சாரம் முழுதாக நின்றபோதும் நேரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும், நீங்கள் மாற்றிய அமைப்புகளும் அழிந்துவிடலாம். நேரம் தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றி, நிறுவலின்போது இணையத்திலிருந்து எடுக்க வேண்டியவை எடுக்கப்படாமல் போகும்.

நிறுவல் நன்றாக முடிந்து, மறுதொடக்கத்துக்குப் பிறகு மறுபடி முதல் திரையே வருகிறது என்று சிலர் தவிப்பதுண்டு. கணினி மீண்டும் பென் டிரைவிலிருந்தே தொடங்குகிறது, அவ்வளவுதான். முதல் மறுதொடக்கத்தில் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது. லினக்ஸில் நிறுவல் திரைக்கு முன்பே திரை கறுத்துப்போனால் அது பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவரின் வேலை. தொடக்கப் பட்டியலில் காம்பேட்டிபிலிட்டி மோடு (இணக்க முறை) என்ற தெரிவைத் தேர்ந்தெடுத்தோ நோமோட்செட் (nomodeset) என்ற சொல்லைச் சேர்த்தோ தொடங்கினால் திரை வரும்.

எதை நிறுவுவது என்பதையும் இந்தத் தறுவாயில் யோசித்துவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தாலும் முதலில் அறிவிக்கப்பட்ட எல்லை 2026 அக்டோபர் 13 மட்டுமே. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியையும் கேட்கிறது. சோதனையைத் தாண்டவைக்கும் குறுக்கு வழிகள் உங்கள் ஐ3-இல் வேலை செய்யக்கூடும். ஆனால் 24ஹெச்2 பதிப்பிலிருந்து பாப்கவுன்ட் என்ற செயலிக் கட்டளை கட்டாயம் ஆகிவிட்டதால் உங்கள் ஐ3-க்கு முந்தைய கோர் 2 டியோ கணினிகளில் விண்டோஸ் 11 தொடங்கவே தொடங்காது. 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11-ஐ ஓட்டுவது எனக்கு உவப்பாகத் தெரியவில்லை. லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு 2029 வரை ஆதரவு பெறும், இந்த வன்பொருளில் நன்றாக ஓடும். விண்டோஸுக்கென்றே உள்ள கணக்கு மென்பொருள் எதுவும் உங்களுக்குக் கட்டாயம் இல்லை என்றால் அதையே போடுங்கள். ரேம் குறைவு என்பதற்காக 32 பிட் பதிப்பைத் தேட வேண்டாம். உபுண்டு என்ற லினக்ஸ் 2017இலேயே மேசைக்கணினிக்கான அத்தகைய நிறுவல் கோப்புகளை வெளியிடுவதை நிறுத்திவிட்டது, 2025இல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸிலும் 32 பிட் நிறுவி இல்லை.

வேறு பென் டிரைவ், சோதித்துத் தேறிய ரேம், நல்ல டிஸ்க், தூசியில்லாத விசிறி, சரியான பயாஸ் அமைப்பு என்று எல்லாம் இருந்தும் நிறுவல் நின்றால், டிஸ்க்கைக் கழற்றி நண்பரின் கணினியில் மாட்டி, அங்கேயே மின்ட்டை நிறுவி மீண்டும் உங்கள் கணினியில் பொருத்திப் பாருங்கள். இரண்டும் லெகசி முறையில் இயங்கினால் லினக்ஸ் பொதுவாக வேறு வன்பொருளில் தயங்காமல் எழும். அப்படி எழுந்த பிறகும் கோப்புகளை நகலெடுக்கும்போது பிழை வந்தாலோ, நல்ல ரேம் இரண்டு துளைகளில் ஒன்றில் மட்டும் தவறினாலோ, இணைப்பானையும் பட்டை வயரையும் சரிபார்த்த பிறகு புதிய எஸ்எஸ்டியிலும் 199ஆம் எண் ஏறினாலோதான் மதர்போர்டு என்று சொல்ல ஆதாரம் கிடைக்கிறது. பழுதுபார்ப்பவரிடம் இந்த மூன்றில் எதைக் கண்டு அந்த முடிவுக்கு வந்தார் என்று கேளுங்கள். டிமெசேஜின் கடைசி இருபது வரிகளையும் அந்த நான்கு ஸ்மார்ட் எண்களையும் எழுதி அனுப்பினால், எந்தப் பாகம் என்பதை இன்னும் குறுக்கிச் சொல்ல என்னால் முடியும்.